பெயர் பெறாத கூட்டாளிகள்

எண்ணூர்க் கழிமுகத்தின் அருகே அண்மையில் நடந்த ஒரு தொழிலாளர் கூட்டத்திற்கு நாம் போயிருந்தோம். பேச்சாளர்கள் வந்து சேருமுன் இளைஞர் சிலர் ஒலிபெருக்கியில் ஒரு பாட்டை வைத்தார்கள். 2017ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்த ‘சென்னை புறம்போக்கு பாடல்’ அது. கொசத்தலையாறும் கடலும் கலக்கும் இதே கழிமுகத்தில், அனல் மின் நிலையத்துச் சாம்பற் சேற்றின் நடுவே படமாக்கப் பெற்றது. ஊருக்கெல்லாம் பொதுவான நிலத்திற்குப் பெயராயிருந்த ‘புறம்போக்கு’ என்னும் நல்ல சொல், காலப்போக்கில் வசைமொழியாய்ப் போன கதையை அப்பாட்டு எடுத்துரைக்கிறது. கூட்டம் அதனை அமைதியாகக் கேட்டது. முகத்துவாரக்குப்பத்திலிருந்து வந்திருந்த சில பெண்கள் கூடவே முணுமுணுத்தார்கள்.

பக்கத்தில் நின்ற இளைஞர் ஒருவரை, “இது யார் பாட்டு, தம்பி?” என்று கேட்டோம். “டி.எம். கிருஷ்ணா பாட்டு சார்” என்று உடனே விடை வந்தது. “பாடியவர் அவர்தாம். மெட்டமைத்தவர் யார்?” என்றோம். இளைஞர் விழித்தார். “படமாக எடுத்தவர்?” என்றோம். அதற்கும் விடையில்லை. நமது உரையாடலைக் கேட்டுக்கொண்டிருந்த முதிய தொழிலாளி ஒருவர், “எங்க காலத்துல பாட்டுன்னா பாட்டு சார்” என்று தொடங்கி, தென்னையில் ஊஞ்சல் கட்டி ஆடும் பழைய சினிமாப் பாட்டொன்றை அழகாக முனகிக் காட்டினார். பாடியவர்கள் பி.பி. ஸ்ரீநிவாஸும் எஸ். ஜானகியும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இசையமைத்தவர் பெயரும், படத்தை இயக்கியவர் பெயரும், படத்தின் பெயருங்கூட அவர் நினைவில் இல்லை.

இவர்கள் இருவரையும் நாம் குறை கூறவில்லை. அறியாதவர் மீது குற்றமில்லை. அறிவிக்க வேண்டியவர் அறிவிக்காததே குற்றம். பத்திரிகைகள், வானொலி, தொலைக்காட்சி, அரசியல் மேடைகள் ஆகிய அனைத்தும் இக்குற்றத்தில் பங்குடையன. நமது பத்திரிகையும் விலக்கன்று. பாடினவருக்குப் பொன்னாடை, நடித்தவருக்குக் கட்டவுட்டு. ஆனால் ஒரு காட்சியையும் அதன் ஓசையையும் சேர்த்து நினைத்து, இரவு பகலாக வாதாடி, ஒன்றாக்கித் தந்த டைரக்டர், சங்கீத டைரக்டர் என்னும் இருவருக்கும் பெரும்பாலும் மறதியே பரிசு. மிகப் பெரிய பெயருடைய இரண்டொரு ஜோடிகளைத் தவிர மற்றையோர் கதி இதுதான்.

‘சினிமா விஷயத்திற்குத் தலையங்கப் பக்கத்தில் இடமா?’ என்று நேயர்கள் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். 2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் மட்டும் எண்ணூர் மக்கள் இரண்டு கேடுகளைக் கண்டார்கள். புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலம் வந்து கழிமுகத்தை மூடிற்று. அதே மாதம் 26ஆம் நாள் இரவு அமோனியா வாயு கசிந்து மக்களை வீட்டை விட்டு ஓட்டிற்று. இத்தகைய ஊரிலிருந்துகொண்டு பாட்டைப் பற்றியும் படத்தைப் பற்றியும் பேசுவது வீண் வேலை என்று தோன்றலாம். நாம் அவ்விதம் கருதவில்லை. உழைத்தவன் பெயரை மறைப்பது எங்கே தொடங்குகிறதோ, அங்கேதான் அவன் கூலியை மறைப்பதும் தொடங்குகிறது. இதனை நமக்குக் கற்பித்தவர்களே ஒரு சங்கீத டைரக்டரும் ஒரு டைரக்டருந்தாம். அவர்கள் கதையைச் சொல்லுமுன், இவ்விருவர் கூட்டு எத்தகையது என்பதைச் சிறிது விளக்குவோம்.

சினிமாப் பாட்டு என்பது கவிஞர் எழுத, ஒருவர் மெட்டுப் போட, மற்றொருவர் பாடி முடித்துவிடும் காரியமன்று. கதையின் எந்த இடத்தில் பாட்டு வரவேண்டும், அங்கே பாட்டுத்தான் வேண்டுமா, வெறும் புல்லாங்குழல் போதுமா, அல்லது ஒன்றுமே வேண்டாவா என்னும் கேள்விகள் முதலில் எழுகின்றன. இவற்றை டைரக்டரும் இசையமைப்பவரும் எதிரெதிரே அமர்ந்து தீர்க்கிறார்கள். பாட்டைப் பெரும்பாலும் முதலில் பதிவு செய்துகொண்டு, பிறகு அதற்கேற்பப் படம் பிடிக்கிறார்கள். ஆகையால் காட்சியின் வேகத்தை நிர்ணயிப்பதே அப்பாட்டின் தாளந்தான். படம் வெட்டி ஒட்டப்பட்ட பின்னர் நடப்பது பின்னணி இசைச் சேர்ப்பு. கதவு திறக்கும் ஓசைக்குப் பின் எத்தனை வினாடி மௌனம், அழுகை முடிந்த பிறகு வயலின் வருவதா, அழுகைக்கு முன்பே வருவதா என்பதெல்லாம் அங்கே தீர்மானிக்கப்படுகின்றன. கொட்டகையில் நமக்குக் கண்ணீர் வரும்போது அதனை வரவழைத்தவர் இன்னார் என்று நமக்குத் தெரிவதில்லை. தெரியாமலிருப்பதே அவர்கள் வேலையின் வெற்றி. ஆனால் அவ்வெற்றியே அவர்களுக்கு நஷ்டமாகவும் முடிகிறது.

இனி, எண்ணூர் முதியவர் முனகிய ஊஞ்சற் பாட்டுக்கு வருவோம். அதனை எழுதியவர் காலஞ்சென்ற ஜெயகாந்தன். படத்தின் பெயர் ‘பாதை தெரியுது பார்’. வெளிவந்த ஆண்டு 1960. இசையமைத்தவர் எம்.பி. ஸ்ரீநிவாசன். இயக்கியவர் நிமாய் கோஷ்.

நிமாய் கோஷ் வங்காளி. தேசப் பிரிவினையால் வீடிழந்து கல்கத்தாவுக்கு ஓடிவந்த அகதிகளின் துயரத்தை, 1950ஆம் ஆண்டைச் சேர்ந்த ‘சின்னமூல்’ என்னும் வங்காளிப் படத்தில் காட்டியவர். உண்மையான அகதிகளையே அதில் இடம்பெறச் செய்தார். ருஷ்யாவின் புகழ்பெற்ற டைரக்டர் புடோவ்கின் அப்படத்தைக் கண்டு பாராட்டினார். இத்தகைய மனிதர் பிழைப்புத் தேடிச் சென்னைக்கு வந்து காமிராக்காரராகப் பணிசெய்தார். எம்.பி. ஸ்ரீநிவாசனோ இளமையிலேயே மாணவர் இயக்கத்திலும் கம்யூனிஸ்ட் கட்சியிலும் ஈடுபட்டவர், டில்லியில் ஏ.கே. கோபாலனிடம் செயலாளராயிருந்தவர், ஜாலியன்வாலாபாக் காலத்துப் பஞ்சாப் தலைவர் டாக்டர் சைபுத்தீன் கிச்சலுவின் மகளை மணந்தவர். தமிழ் தாய்மொழியல்லாத ஒரு டைரக்டரும், அரசியலிலிருந்து இசைக்கு வந்த ஒரு சங்கீத டைரக்டரும் கூடினார்கள். இருவருக்கும் பொது மொழியாயிருந்தது அவர்களது கொள்கை.

கொள்கை நண்பர்கள் சேர்ந்து குமரி பிலிம்ஸ் என்னும் பெயரால் அப்படத்தைத் தயாரித்தனர். தொழிலாளரின் வாழ்வும் அவர்களது சங்கமும் கதைப் பொருள். ராஜா ராணிக் கதைகளும் குடும்பக் கண்ணீர்க் கதைகளும் கோலோச்சிய காலத்தில், தொழிற்சாலைச் சங்கின் ஓசையையும் சங்கக் கூட்டத்தையும் திரைக்குக் கொண்டுவரத் துணிவு வேண்டும். அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. கொள்கைப் படமென்றால் பாட்டெல்லாம் கோஷமாகவே இருக்கும் என்று நாம் எதிர்பார்ப்போம். இவ்விருவரும் அவ்வழி செல்லவில்லை. ஊஞ்சற் பாட்டு மென்மையான காதற் பாட்டு. கே.சி.எஸ். அருணாசலம் எழுதி டி.எம். சௌந்தரராஜன் பாடிய மூக்குத்திப் பாட்டு, ஏழை வீட்டு அன்பைப் பற்றியது. உழைப்பவனுக்கும் ஊஞ்சலுண்டு, அவன் மனைவிக்கும் மூக்குத்தி ஆசையுண்டு என்பதைச் சொல்லாமற் சொல்லியவை அப்பாட்டுக்கள். தொழிலாளியை முஷ்டி உயர்த்திய பொம்மையாக்காமல் மனிதனாகக் காட்ட வேண்டும் என்று டைரக்டர் நினைத்ததை, இசையமைத்தவர் தம் மெட்டினால் நிறைவேற்றினார். கூட்டு என்பதற்கு இதைக் காட்டிலும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அவ்வாண்டின் தேசிய விருதுகளில் படத்திற்கு நற்சான்றிதழ் கிடைத்தது. பணம் கிடைக்கவில்லை. வியாபாரத்தில் படம் தோற்றது. வக்கீல் தொழிலில் பல ஆண்டு இருந்தவர்களாகையால் நமக்கு இங்கே 1932ஆம் ஆண்டின் கூட்டுவியாபாரச் சட்டம் நினைவுக்கு வருகிறது. லாபத்தைப் பங்கிட்டுக்கொள்ள உடன்பட்டவர்களே கூட்டாளிகள் என்று அச்சட்டம் விளக்கந் தருகிறது. நிமாய் கோஷும் ஸ்ரீநிவாசனும் அச்சட்டத்தின்படி கூட்டாளிகளாக வழியில்லை. அவர்கள் பங்கிட்டுக்கொண்டது நஷ்டத்தை மட்டுமே!

எனினும் அக்கூட்டு அத்துடன் முடிந்துவிடவில்லை. முடிந்திருந்தால் நாம் இத்தனை விரிவாக எழுதப் புகுந்திருக்க மாட்டோம். அப்படத்தைச் சேர்ந்து உருவாக்கிய அவ்விருவரும் அதனைக் காட்டிலும் நீடித்த ஒன்றையும் சேர்ந்து உருவாக்கினார்கள். அந்நாளில் ஸ்டூடியோக்களில் வாத்தியம் வாசித்தவர்களுக்கு வேலை நேரத்திற்கு வரம்பில்லை. பேசிய கூலி உரிய நாளில் கைக்கு வரும் என்னும் உறுதியுமில்லை. ஸ்ரீநிவாசன் வாத்தியக்காரர்களைத் திரட்டிச் சங்கம் கண்டார். பிறகு நிமாய் கோஷுடன் சேர்ந்து, காமிராவுக்குப் பின்னால் உழைக்கும் பல பிரிவினரின் சங்கங்களை ஒன்றிணைக்கும் முயற்சியில் முன்னின்றார். ‘பெப்சி’ என்று இன்று எல்லாரும் அழைக்கும் தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனத்தை உருவாக்கிய முன்னோடிகளில் இவ்விருவரும் தலையாயவர்கள். விளக்குப் பிடிப்பவர், தச்சர், ஒப்பனையாளர், தையற்காரர், சண்டைப் பயிற்சியாளர், நடனக்காரர் முதலியோரின் இருபதுக்கு மேற்பட்ட சங்கங்கள் அதனுள் அடங்கியுள்ளன.

வடசென்னை வாசிகளுக்கு இதன் அருமையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் பெரம்பூரில் பின்னி ஆலைத் தொழிலாளருக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. செல்வபதி செட்டியாரும் ராமாஞ்சுலு நாயுடுவும் தொடங்க, பி.பி. வாடியா தலைமை தாங்க, திரு.வி.க. தோள் கொடுத்த சங்கம் அது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்னும் பெருமை அதற்குண்டு. 1923இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். ஆலையிலும் துறைமுகத்திலும் வளர்ந்த அந்தப் பாடத்தைக் கோடம்பாக்கத்து ஸ்டூடியோக்களுக்குக் கொண்டு சென்றவர்கள், வயலினுக்குச் சுரம் எழுதிய ஒருவரும் காமிராவின் பின் நின்ற ஒருவருமே. ஒரு காட்சியை அமைக்கும்போது பிறந்த நம்பிக்கை, ஒரு சங்கத்தை அமைக்கும் அளவுக்கு வளர்ந்தது. இந்த உண்மை நமது தொழிற்சங்க வரலாறுகளிலும் உரிய இடம் பெறவில்லை. சினிமா வரலாறுகளிலும் பெறவில்லை.

ஸ்ரீநிவாசனைத் தமிழ்ச் சினிமா பிறகு அதிகம் பயன்படுத்திக்கொள்ளவில்லை. மலையாள தேசம் பயன்படுத்திக்கொண்டது. 1961இல் ‘கால்பாடுகள்’ படத்திற்காக, ஸ்ரீ நாராயண குருவின் செய்யுளை ஜேசுதாசைக் கொண்டு முதன்முதலாகப் பாடச்செய்து பதிவு செய்தவர் அவரே. அடூர் கோபாலகிருஷ்ணனின் ‘சுயம்வரம்’ (1972), ‘எலிப்பத்தாயம்’ (1981), ‘முகாமுகம்’ (1984), ‘அனந்தரம்’ (1987) ஆகிய படங்களுக்கு இசை அவருடையது. பாட்டுக்களை நம்பி நிற்காத படங்கள் அவை. கதை மாந்தர் பேசாமலிருக்கும் நேரமே அவற்றில் மிகுதி. அந்த மௌனத்தைக் கலைக்காமல் இசையமைப்பது, பத்துப் பாட்டுப் போடுவதைவிடக் கடினம். எங்கே வாசிக்கலாகாது என்பதை அறிந்தவரே அதனைச் செய்யவல்லவர்.

தமிழில் அவர் கண்ட மற்றொரு கூட்டு விந்தையானது. ஜான் ஆபிரகாம் 1977இல் எடுத்த ‘அக்கிரகாரத்தில் கழுதை’ என்னும் படத்திற்கு இசையமைத்தவர் ஸ்ரீநிவாசன்; அதில் கதாநாயகராக நடித்தவரும் அவரே! தாயிழந்த கழுதைக் குட்டியை வீட்டில் வளர்க்கும் கல்லூரி ஆசிரியர் வேடம். அவ்வாண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதை அது பெற்றது. ஒரு டைரக்டர் தம் இசையமைப்பாளரின் முகத்திலேயே தம் கதையின் நாயகனைக் கண்டார் என்றால், அவர்களிடையே இருந்த மன ஒற்றுமையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பிற்காலத்தில் ஸ்ரீநிவாசன் பலர் கூடிப் பாடும் சேர்ந்திசையைத் தம் இயக்கமாகவே கொண்டார். சென்னையில் இளைஞர்களைக் கொண்டு சேர்ந்திசைக் குழு அமைத்தார். 1988ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், அப்பணிக்காகவே சென்றிருந்த இலட்சத்தீவில் காலமானார். தனிக் குரலின் புகழைவிடப் பல குரல்களின் ஒற்றுமையே அவருக்குப் பெரிதாயிருந்தது. ஆகையால் அவர் பெயர் மறக்கப்பட்டது வியப்பன்று, வருந்தத்தக்கது.

மறதிக்கு ஆளான இன்னொரு கூட்டும் உண்டு. கே. பாலசந்தர் என்றால் நேயர்களுக்கு எம்.எஸ். விஸ்வநாதன் நினைவுக்கு வருவார். ஆனால் பாலசந்தர் இயக்கிய முதற்படமான ‘நீர்க்குமிழி’க்கு (1965) இசையமைத்தவர் வி. குமார். இருவரும் நாடக மேடையில் கூடியவர்கள். பாலசந்தர் அக்கௌண்டண்ட் ஜெனரல் ஆபீசிலும் குமார் டெலிபோன் இலாகாவிலும் வேலை பார்த்த குமாஸ்தாக்கள். பகலில் பேரேடு, மாலையில் ஒத்திகை என்று வளர்ந்த நட்பு அது. ‘நாணல்’, ‘மேஜர் சந்திரகாந்த்’, ‘எதிர்நீச்சல்’, ‘இரு கோடுகள்’, ‘நூற்றுக்கு நூறு’, ‘வெள்ளிவிழா’ ஆகியவை தொடர்ந்து வந்தன. 1973இல் ‘அரங்கேற்றம்’ வந்தது. குறைந்த செலவில், நடுத்தரக் குடும்பத்து வீட்டுக் கூடத்திலேயே கதையை நடத்தும் பாலசந்தரின் பாணிக்குப் பெரிய வாத்தியப் பரிவாரம் பொருந்தாது. குமாரின் அடக்கமான மெல்லிசை அதற்குக் கைக்கு ஏற்ற உறையாய் அமைந்தது. பாலசந்தர் ‘சிகரம்’ எனப்பட்டார். குமாரை வானொலி நேயர் சிலரே நினைவில் வைத்தனர். ஏறும்போது இருவர், உச்சியில் எழுதப்பட்ட பெயரோ ஒன்று.

நம் காலத்திற்கு வருவோம். வடசென்னை இன்று சினிமாவில் அடிக்கடி தோன்றுகிறது. முன்னெல்லாம் ரவுடிகளின் இருப்பிடம் என்று மட்டும் காட்டப்பட்ட பகுதியை, மனிதர் வாழும் ஊராகக் காட்டிய டைரக்டர்களில் பா. இரஞ்சித்தும் வெற்றிமாறனும் முக்கியமானவர்கள். இரஞ்சித்தும் சந்தோஷ் நாராயணனும் 2012இல் ‘அட்டகத்தி’யில் சேர்ந்தே அறிமுகமானார்கள். ‘மெட்ராஸ்’ (2014) படத்தில் வியாசர்பாடிக் குடியிருப்பின் ஒரு சுவர், கதை மாந்தருள் ஒருவராகவே நிற்கிறது. கட்சிகள் உரிமை கொண்டாடும் அச்சுவர் திரையில் தோன்றும்போது நம் மனத்தில் எழும் அச்சத்திற்குச் சுண்ணாம்பும் செங்கல்லும் காரணமல்ல. பின்னணி இசையே காரணம். 1970களின் குத்துச்சண்டைப் பரம்பரைகளையும் நெருக்கடி நிலைக் காலத்தையும் காட்டிய ‘சார்பட்டா பரம்பரை’ (2021) வரையில் ஐந்து படங்களில் அக்கூட்டு நீடித்தது. நடிகர்களின் உடற்கட்டைப் பற்றி எழுதிய பத்திரிகைகள், ஒவ்வொரு சுற்றுக்கும் துடிப்பைக் கொடுத்த தாளத்தைப் பற்றி எத்தனை வரி எழுதின?

வெற்றிமாறனும் ஜி.வி. பிரகாஷ்குமாரும் ‘பொல்லாதவன்’ (2007) தொடங்கி ‘ஆடுகளம்’, ‘விசாரணை’, ‘அசுரன்’ (2019) வரை சேர்ந்து உழைத்தவர்கள். அவற்றுள் ‘விசாரணை’யில் பாட்டே இல்லை. போலீஸ் காவலில் அடிபடும் ஏழைத் தொழிலாளர் கதைக்குப் பாட்டு வேண்டாவென்று டைரக்டர் தீர்மானித்தார், இசையமைப்பாளர் இசைந்தார். பாட்டினால் பெயரும் பணமும் பெறும் ஒருவர், பாட்டில்லாத படத்திற்கு உடன்படுவது ஒரு தியாகமே. பாட்டை எண்ணி இசைக்கு மதிப்புப் போடும் நம் வழக்கத்தினால் அத்தியாகம் யார் கண்ணிலும் படவில்லை. காசிமேட்டு மீனவர் குடியிருப்பின் நிலப் பிரச்னையைக் கதையில் கொண்ட ‘வட சென்னை’ (2018) படத்திற்கு வெற்றிமாறன் சந்தோஷ் நாராயணனை அழைத்துக்கொண்டார். ஊருக்கேற்ற ஓசை வேண்டும் என்று டைரக்டர் தேடுவதும் கூட்டின் ஓர் இலக்கணமே.

இனிச் சட்டம் இவ்விருவரையும் எவ்விதம் நடத்துகிறது என்று பார்ப்போம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு சினிமாப் படத்தின் ‘ஆசிரியர்’ யார் தெரியுமா? கதை எழுதியவரல்லர், டைரக்டருமல்லர்; பட முதலாளியே! 1977இல் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு வழக்குப் போயிற்று. முதலாளி பணங்கொடுத்துப் படத்திற்காக இசையமைக்கச் செய்தால், வேறு உடன்படிக்கை இல்லாதவிடத்து, அவ்விசையின் உரிமையும் முதலாளியையே சாரும் என்று தீர்ப்பாயிற்று. அவ்வழக்கில் தனிக் குறிப்பு எழுதிய நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், பாடகருக்கு நம் சட்டம் உரிமை எதுவும் தராத குறையைச் சுட்டிக்காட்டினார். மெட்டமைத்தவரும் பாட்டெழுதியவரும் முதுமையில் வறுமையுற, அவர்கள் பாட்டுக்கள் மட்டும் நாள்தோறும் ஒலித்துப் பிறருக்கு வருவாய் தந்துகொண்டிருந்தன.

2012இல் பார்லிமெண்டு சட்டத்தைத் திருத்திற்று. கொட்டகையில் படத்தோடு காட்டுவது நீங்கலாக, வானொலி, தொலைக்காட்சி, இணையம் முதலியவற்றில் பாட்டுப் பயன்படும்போதெல்லாம் மெட்டமைத்தவருக்கும் எழுதியவருக்கும் சம பங்கு ஊதியம் உண்டு. அதனை அவர்களே விரும்பினாலும் முதலாளிக்கு விட்டுக்கொடுக்க முடியாது என்பது விதி. பாடுவோர் முதலிய கலைஞருக்கும் பங்கு கிடைத்தது. டைரக்டரையும் முதலாளியோடு கூட்டு ஆசிரியராக்கும் ஒரு ஷரத்து 2010இல் கொண்டுவந்த மசோதாவில் இருந்தது. அது பிறகு கைவிடப்பட்டது. ஆக, கூட்டாளிகளில் ஒருவருக்கு அரை நீதி; மற்றவருக்கு அதுவுமில்லை. சேர்ந்து உழைத்த இருவரைச் சட்டமே பிரித்து நிறுத்தியிருக்கிறது.

‘கூலி பெற்றுக்கொண்டு செய்த வேலைக்குப் பிறகு உரிமை ஏது? பணம் போட்டவனுக்கன்றோ நஷ்டம்?’ என்று முதலாளிகள் தரப்பில் வாதிப்பார்கள். அவ்வாதத்தை நாம் எளிதாகத் தள்ளிவிடவில்லை. படமெடுத்துச் சொத்திழந்தவர்கள் தமிழ்நாட்டில் பலருண்டு. முதல் போட்டவனுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் ஒரு மெட்டு ஐம்பது, அறுபது ஆண்டு வருவாய் தருமாயின், அந்த ஐம்பது ஆண்டு லாபமும் ஒருவருக்கே என்பது எந்த நியாயம்? விதை நெல் கொடுத்தவனுக்கே எல்லா அறுவடையும் என்றால், உழுதவன் எங்கே போவான்? இந்த நாட்டில் நிலத்திற்காக எழுந்த அதே கேள்விதான் இது.

ஆகவே நாம் வற்புறுத்துபவை நான்கு. முதலாவது, வானொலியும் தொலைக்காட்சியும் பாட்டை ஒலிபரப்பும்போது பாடியவர் பெயரோடு, எழுதியவர், இசையமைத்தவர், படத்தை இயக்கியவர் பெயர்களையும் தவறாமல் கூற வேண்டும். இதற்குச் செலவில்லை, மனம் வேண்டும். இரண்டாவது, டைரக்டருக்கும் உரிமைப் பங்கு அளிக்கும் ஷரத்தைப் பார்லிமெண்டு மறுபடியும் ஆலோசனைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும்; தமிழ்நாட்டு அங்கத்தினர் இதில் முன்னிற்க வேண்டும். மூன்றாவது, பழைய தமிழ்ப் படங்களின் சுருள்களையும், இசையமைப்பாளர் கைப்பட எழுதிய சுரக் குறிப்புக்களையும் தேடிக் காப்பதற்கு அரசாங்கம் பொருளும் ஆளும் ஒதுக்க வேண்டும். ‘பாதை தெரியுது பார்’ போன்ற படத்தின் பாட்டுக்கள் காற்றில் உலவுகின்றன. படத்தையோ இளைஞர் எளிதாகக் காண முடிவதில்லை. நாளை பாட்டும் போய்விட்டால் யாரிடம் முறையிடுவது? நான்காவது நம்மையே சார்ந்தது. அரசியல் தொண்டர்கள் கூட்டத்திற்கு ஆள் சேர்க்கப் பாட்டைப் பயன்படுத்துகிறார்கள். பாட்டை வைக்குமுன் அதனை ஆக்கியவர்கள் பெயரை ஒருமுறை ஒலிபெருக்கியில் சொல்லட்டும். உழைப்புக்கு மரியாதை கேட்கும் மேடை, முதலில் அதனைத் தான் கொடுக்க வேண்டும்.

இந்த நான்காவதை நாம் எண்ணூரிலேயே தொடங்கிவிட்டோம். அன்று பேச அழைக்கப்பட்டபோது, எழுதிக்கொண்டு போயிருந்த உரையை ஒருபுறம் வைத்துவிட்டு, புறம்போக்குப் பாட்டின் வரலாற்றைச் சொன்னோம். எழுதியவர் கபேர் வாசுகி. ஆனந்தபைரவி, பேகடை முதலிய இராகங்களைக் கோத்து மாலிகையாக மெட்டமைத்தவர் கர்நாடக சங்கீத வித்துவான் ஆர்.கே. ஸ்ரீராம்குமார். கச்சேரி மேடையில் கேட்கும் இராகங்களைச் சாம்பற் சேற்றின் நடுவே கொண்டுவந்து நிறுத்திப் படமாக்கியவர் ரதீந்திரன் ஆர். பிரசாத். பாடினவர் டி.எம். கிருஷ்ணா. இராகம் அழகாயிருக்க, காட்சி அவலமாயிருக்க, இரண்டும் சேர்ந்தபோதுதான் இக்கழிமுகத்தின் கதி நாட்டார் நெஞ்சில் தைத்தது. மெட்டு மட்டும் இருந்தால் அது கச்சேரி; படம் மட்டும் இருந்தால் அது செய்தி. கூட்டு அதனைக் குரலாக்கிற்று.

பிறகு ‘பாதை தெரியுது பார்’ படத்தைப் பற்றியும், அதன் டைரக்டரும் சங்கீத டைரக்டரும் சேர்ந்து சங்கம் கண்ட கதையையும் சொன்னோம். முன்வரிசையில் அமர்ந்திருந்த அந்த முதியவர் கூட்டம் முடிந்ததும் நம்மிடம் வந்தார். “அறுபது வருஷமா பாடிக்கிட்டிருக்கேன் சார். அது ஒரு சங்கத்து ஆளு போட்ட மெட்டுன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது” என்றார். தாமும் சங்கத்தில் சந்தா கட்டியவரே என்றும் சொன்னார். ஒரு காகிதம் கேட்டு வாங்கி, எம்.பி. ஸ்ரீநிவாசன், நிமாய் கோஷ் என்னும் இரண்டு பெயர்களையும் நம்மைச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டு போனார்.